மொசைக் தரையும் என் காலும்

பெண்ணுக்கு மூக்கு சரியில்லை, நிறம் சரியில்லை என்று குறை சொல்வார்கள். எனக்கு அந்தக் குறையெல்லாம் யாரும் சொன்னதில்லை. கால் சரியில்லை என்றார்கள். நொண்டி என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகத்தான் நடப்பேன், இந்த வயதிலும் கம்பு இல்லாமல்தான் நடக்கிறேன். அந்தக் கால் உள்ளே வந்ததால் வீடு மங்கிவிட்டது என்பதுதான் பேச்சு. வீடு என்றால் வீட்டுத் தரை. அந்தப் பேச்சு எப்படி வந்தது என்பதையும், ஒரே ஒரு ஆள் வாயைத் திறந்திருந்தால் அது அன்றைக்கே நின்றிருக்கும் என்பதையும் எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியவர்கள் ஒருவரும் இப்போது இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம். பிறந்த ஊர் பொட்டிப்புரத்துக்குப் பக்கம். அப்பாவுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலமும் ஒரு கிணறும் இருந்தன. எங்கள் வீட்டுத் தரை மண் தரை. செவ்வாயும் வெள்ளியும் சாணி மெழுகுவோம். காய்ந்த பிறகு அதில் வெறுங்காலோடு நடந்தால் சொரசொரவென்று இதமாக இருக்கும். புகுந்த வீடு போடியில். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, ஏலக்காய் வியாபாரம். மகன் கல்யாணத்தை முன்னிட்டுப் பழைய வீட்டை இடித்துக் கட்டி, கூடம் முழுக்க மொசைக் போட்டிருந்தார். அந்தத் தெருவில் அப்போது வேறு யார் வீட்டிலும் மொசைக் கிடையாது. மதுரையிலிருந்து ஆட்கள் வந்து தங்கி, வெள்ளையும் பச்சையும் கறுப்புமான சலவைக்கல் சில்லுகளைச் சிமெண்டில் குழைத்துப் போட்டு, நடுநடுவே கண்ணாடிப் பட்டை பதித்து, இறுகியதும் மிஷின் வைத்துத் தேய்த்தார்களாம். தேய்க்கத் தேய்க்க வெள்ளைச் சேறு வாசல் வழியாகச் சாக்கடைக்கு ஓடியதாம். அதை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடி நின்றது என்று பெருமையாகச் சொல்வார்கள்.

வலது காலை எடுத்து வைத்து வரச் சொன்னார்கள். நான் வாசற்படி தாண்டினேன், கீழே பார்த்தேன், சட்டென்று புடவைக் கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டேன். தண்ணீர் கொட்டிக் கிடக்கிறது என்றுதான் நினைத்தேன். அத்தனை பளபளப்பு. கூடம் கொள்ளாத சிரிப்பு. மாமாவும் சிரித்தார். தன் தரையை இதைவிட நன்றாக யாரும் பாராட்ட முடியாது என்று அவருக்குச் சந்தோஷம். பக்கத்தில் நின்ற என் புருஷன் மட்டும் சிரிக்காமல், "தண்ணி இல்ல, நடந்து வா" என்று மெதுவாகச் சொன்னார். முதல் நாளே எனக்காகப் பேசிய மனுஷன் என்று அதை நான் வெகுகாலம் மனசுக்குள் வைத்திருந்தேன்.

தரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் கைக்கு வந்தது. அத்தை, என் மாமியார், வேலையில் கறாரானவர். கெட்டவர் இல்லை. எனக்குச் சோறு போட்ட பிறகுதான் தனக்குப் போட்டுக்கொள்வார். ஆனால் அந்தக் கூடம் விஷயத்தில் மாமாவின் கண்ணுக்குப் பயந்து நடுங்குவார். மாமாவின் கோபம் வாயோடு நிற்கிற கோபம் இல்லை, கையும் நீளும். அதனால் விதிகள் நிறைய. மேகமலைப் பக்கத்திலிருந்து வருகிற பூந்துடைப்பத்தால் மட்டும்தான் கூட்ட வேண்டும், ஈர்க்குமாறு கூடாது. பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, தண்ணீரில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, குத்துக்காலிட்டுப் பின்னால் நகர்ந்தபடியே துடைக்க வேண்டும். தண்ணீர் கலங்கினால் மாற்ற வேண்டும். ஏலக்காய் மூட்டையை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் கொண்டுபோக வேண்டும். கட்டில் காலுக்குத் துணி சுற்றியிருக்க வேண்டும். எண்ணெய்த் தலையோடு தரையில் படுக்கக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சியைப் பார்த்துக்கொள்வது மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமை சாமி அறைக்கு முன்னால் வேலை. குத்துவிளக்கு, தாம்பாளம், செம்பு, மணி எல்லாவற்றையும் கூடத்தில் பரப்பிக்கொண்டு அத்தை உட்காருவார். ஊறவைத்த புளியும் கொஞ்சம் சாம்பலும் வைத்துக்கொண்டு தேய்ப்பார். தேய்க்கத் தேய்க்கப் பித்தளை தங்கம் மாதிரி வரும். முடித்ததும் கையில் மிஞ்சிய புளிச்சக்கையைத் தூர எறிய அவருக்கு மனசு வராது. பித்தளையிலேயே இத்தனை பளபளப்பு வருகிறதென்றால் தரைக்கு வராமலா போய்விடும் என்பார். சாமி அறை வாசலில் எண்ணெய் சிந்தின இடம், அங்கிருந்து அடுப்படிக்குப் போகிற வழி, இந்த இரண்டிலும் அந்தச் சக்கையை வைத்து நன்றாகத் தேய்த்துவிட்டுக் கழுவச் சொல்வார். நானும் முழங்கால் போட்டுத் தேய்ப்பேன். ஈரமாக இருக்கிறவரை பளபளவென்றுதான் இருக்கும். காய்ந்த பிறகு லேசாக வெளிறித் தெரியும். அழுக்கு இன்னும் போகவில்லை என்பார் அத்தை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ப்பேன். எலுமிச்சம்பழ மூடிகள் கிடந்தால் அதையும் சேர்த்துக்கொள்வோம்.

மாமா உட்காருகிற ஜன்னலோர பெஞ்சுப் பக்கம் நாங்கள் போவதில்லை. அங்கே ஆட்கள் வந்து போவார்கள், பெஞ்சுக்கு அடியில் அவருடைய டிரங்குப் பெட்டி இருக்கும். அங்கன ஈரத்துணியோடு சரி. அதனால் அந்தப் பக்கம் கண்ணாடியாகவே இருந்தது. இந்தப் பக்கம் நாளுக்கு நாள் பால் ஏடு படிந்த மாதிரி ஆனது. யார் பார்த்தாலும் கண்ணில் படும். சாமி அறையிலிருந்து அடுப்படி வரைக்கும் ஒரு பாதை. அந்த வீட்டில் அந்தப் பாதையில் விடிந்ததிலிருந்து அடையும்வரை நடந்துகொண்டிருந்தது நான்தான்.

அதை முதலில் சொன்னது மாமாவின் அக்கா. அடுத்த தெருவில் இருந்தார், நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். வந்தால் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வீடு முழுக்கக் கண்ணை ஓட்டுவார். ஒருநாள் மாமாவும் இருக்கும்போதே சொன்னார்.

"மருமக பொழங்குற எடம் பூராம் மங்கிக் கெடக்கு. நீ ஒக்கார்ற எடம் அப்பிடியே இருக்கு. என்ன காலோ, என்னமோ."

நான் அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தேன். மாமா குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். அத்தை உள்ளே போய்விட்டார். அத்தைக்கு அந்த நேரம் என்ன தோன்றியிருக்கும் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். தரை கெட்டது தன் வேலையில் உள்ள குறை என்று மாமா சொல்லாமல் விட்டாரே என்ற நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். அதில் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அடி வாங்குகிறவளுக்குத்தான் அந்த நிம்மதியின் அருமை தெரியும்.

அந்த வருஷம் மலையில் மழை சரியாக இல்லை. ஏலக்காய் காய்க்கவில்லை, காய்த்ததும் சூம்பிப்போயிற்று. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க வியாபாரிகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டுக்கெல்லாம் யார் கால் எடுத்து வைத்தது என்று பெரியம்மாவிடம் கேட்க ஆள் இல்லை. எங்கள் வீட்டு நஷ்டம் மட்டும் என் காலோடு ஒட்டிக்கொண்டது. மாமா மண்டிக்குக் கிளம்பும்போது நான் எதிரே வரக் கூடாது என்று ஆயிற்று. யாரும் ஆணை போடவில்லை. அவர் செருப்பை மாட்டும்போது அத்தை என்னைப் பார்ப்பார். நான் கொல்லைக்குப் போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் என் புருஷன் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். மதுரைக்குப் போய்விட்டு வந்தவர், இனிமேல் விளக்கெல்லாம் கூடத்தில் வைத்துத் தேய்க்க வேண்டாம், கொல்லையில் துவைக்கிற கல்லில் வைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் சிந்தி அப்பா வழுக்கி விழுந்துவிடப் போகிறார் என்று அத்தையிடம் சொன்னார். தரைக்குப் போட சோப்புத்தூள் வாங்கி வந்திருந்தார். புளியெல்லாம் போட்டு அவளை முழங்கால் தேயத் தேய்க்க விடாதே, இதை லேசாகக் கலந்து துடைத்தால் போதும் என்றார். அப்போது நான் முழுகாமல் இருந்தேன். குனிந்து நிமிர எனக்குச் சிரமமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை நேராகச் சொல்ல வெட்கப்பட்டு, அப்பா பெயரைச் சொல்லுகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கு அடுப்படியில் தனியாக நின்று சந்தோஷத்தில் அழுதேன். கல்யாணமாகி நான் சந்தோஷத்தில் அழுதது அந்த ஒரு தடவைதான்.

பிள்ளை தங்கவில்லை. ஏழாம் மாசத்தில், அசைந்துகொண்டிருந்த பிள்ளை அசையாமல் போனது. பெண் பிள்ளை. அதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. தேனி ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கூட்டிவந்தபோது கூடத்தில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து அறைக்குள் போனேன். எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் என் காலைப் பார்த்தார்கள்.

அதன் பிறகு நானே நம்ப ஆரம்பித்தேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஊர் சொன்னது பெரிய விஷயம் இல்லை. நான் நம்பினேன். தரை கெட்டது, ஏலக்காய் கெட்டது, வயிற்றில் இருந்ததும் கெட்டது. மூன்றுக்கும் பொதுவாக இருந்தது நான். குளிக்கும்போது கல்லில் உட்கார்ந்து என் பாதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். எல்லோருக்கும் இருக்கிற மாதிரிதான் இருந்தது. கூடத்தில் நடக்கும்போது சுவரை ஒட்டியே நடப்பேன், குதிகாலை ஊன்றாமல் விரல் நுனியில் நடப்பேன். பழக்கமாகிவிட்டது. வருஷக்கணக்கில் அப்படி நடந்து கெண்டைக்காலில் வலி கண்டு, வைத்தியரிடம் போனபோது ஏன் இப்படி நடக்கிறாய் என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்க வந்தார். வாசலில் உட்கார்ந்து துண்டால் பாதத்தைத் துடைத்துத் துடைத்துத்தான் உள்ளே வருவார். செம்மண் ஒட்டியிருக்குமாம். அன்றைக்கு நான் விரல் நுனியில் நடந்து தண்ணீர் கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டார். பெரியம்மா பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. தண்ணீரைக் குடிக்காமல் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"ஆத்தா, நீ பெறந்த அன்னைக்குத்தான் நம்ம கெணத்துல ஊத்துக்கண்ணு தெறந்துச்சு. ஒங் காலு எப்பேர்ப்பட்ட காலுன்னு எனக்குத் தெரியும். நீ நல்லா ஊனி நட."

ஊன்றி நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்பா அதற்கடுத்த கோடையில் போய்விட்டார். அவர் சாவுக்கு ஊருக்குப் போனபோதுதான் மண் தரையில் குதிகால் பதிய நடந்தேன்.

அதன் பிறகு எனக்கு ஒரு மகன் பிறந்தான், நல்லபடியாக இருந்தான். பேச்சு குறைந்ததே தவிர நிற்கவில்லை. என் புருஷனின் தங்கைக்கு, என் நாத்தனாருக்கு, பூ வைக்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது, அவர்கள் எல்லோரும் வந்து உட்காருகிறவரை நான் கொல்லைப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். இடுப்பில் பிள்ளையோடு கிணற்றடியில் நின்றேன். கூடத்தில் பேச்சும் சிரிப்பும் கேட்டது. பூ வைத்து முடித்த பிறகு காப்பித் தட்டோடு வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சம்பந்தி அம்மா என்னிடம், நீதான் இந்த வீட்டு மருமகளா, எங்கே போயிருந்தாய் என்று கேட்டார். பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன் என்றேன். என் புருஷன் பக்கத்தில்தான் நின்றார். வெற்றிலைத் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

மாமா இறந்தார். பெரியம்மாவும் இறந்தார். எழுபதுகளின் நடுவில் அத்தைக்கு இடுப்பு விழுந்து சாமி அறைக்குப் பக்கத்து அறையில் படுக்கையில் கிடந்தார். பேச்சும் நினைவும் தெளிவாக இருந்தன. வீடு என் கைக்கு வந்தது. மாமா உட்காருகிற பெஞ்சை நகர்த்தி, டிரங்குப் பெட்டியை எடுத்துப் பரணில் போட்டோம். பெட்டி இருந்த இடம், நான் புடவையைத் தூக்கிக்கொண்டு நடந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே மின்னியது. நான் அந்த இடத்தில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போவேன்.

ஒருநாள் ஊறுகாய்க்காக எலுமிச்சம்பழம் நறுக்கினேன். ஜன்னல் வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று அந்த இடத்துக்குப் பக்கத்தில் அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தேன். நறுக்கிய மூடி ஒன்று உருண்டு போய் அந்த மின்னுகிற தரையில் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் கூட்டும்போது எடுத்தேன். அடியில் வட்டமாக, மூடியின் அளவுக்கு, தரை வெளிறியிருந்தது. துடைத்தேன், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன், போகவில்லை. ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் திரும்பி வந்தது. அந்த நிறம் எனக்கு நன்றாகத் தெரிந்த நிறம். சாமி அறையிலிருந்து அடுப்படி வரைக்கும் நான் தினம் பார்க்கிற அதே பால் ஏடு.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அடுப்படிக்குப் போய் ஒரு உருண்டை புளி எடுத்து நனைத்து, அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் நன்றாக மின்னுகிற இடமாகப் பார்த்து அப்பி வைத்தேன். மத்தியானம் சோற்று வேலை முடிந்து வந்து, புளியை வழித்துக் கழுவித் துடைத்தேன். கையகலத்துக்குத் தரை செத்துப்போய் இருந்தது. என் கால் அங்கே படவேயில்லை.

அன்று மத்தியானம் என் புருஷன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவி வந்ததும், கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பட்டப்பகலில் நான் அவர் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. தரையில் உட்காரவைத்து, வட்டத்தைக் காட்டினேன், புளி வைத்த இடத்தைக் காட்டினேன். நாக்குக் குழற எல்லாவற்றையும் சொன்னேன். பாருங்கள், புளிதான், என் கால் இல்லை, புளிதான். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை தேய்த்தோமே, அந்தப் புளி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவரும் ஆச்சரியப்படுவார், ஐயோ என்பார், உள்ளே போய் அத்தையிடம் சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்க்கக்கூட இல்லை.

"தெரியும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன தெரியும் என்று கேட்டேன்.

"மொத வருசமே தெரியும். மதுரைக்குப் போனப்ப மொசைக் போட்டவுகளக் கேட்டேன். புளிப்பு எதுவும் இதுல படக்கூடாதுன்னு சொன்னாக. அதான் வெளக்கக் கொல்லைக்கு மாத்துனேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"அம்மா கையால கெட்டுச்சுன்னு அப்பாகிட்ட எப்பிடிச் சொல்றது. அவுக கோவம் தெரியும்ல ஒனக்கு. ஒங் காலுன்னா நாலு நாள் பேசிட்டு விட்ருவாகன்னு நெனச்சேன்."

நான் அவர் கையை விட்டுவிட்டேன். கேட்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது.

"பிள்ள போனப்பவும் ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தெரியும் என்று தலையை ஆட்டினார்.

அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் இதை எழுதவில்லை. தாய் அடி வாங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. தாயைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை. ஆனால் நான் விரல் நுனியில் நடந்ததை அவர் தினம் பார்த்தார். குளிக்கிற கல்லில் உட்கார்ந்து என் பாதத்தை நானே வெறுத்துப் பார்த்ததை அவர் பார்த்திருக்க மாட்டார். மற்றதெல்லாம் பார்த்தார். மாமா செத்த பிறகாவது சொல்லியிருக்கலாம், அப்போது அத்தையை அடிக்க யாரும் இல்லையே. கேட்டேன். இத்தனை வருஷம் கழித்துக் கிளறி என்ன ஆகப்போகிறது என்றார். அத்தையிடம் சொல்லுங்கள், எனக்கு அது போதும் என்றேன். சரி, சமயம் பார்த்துச் சொல்கிறேன் என்றார்.

நானே சொல்லியிருக்கலாம். அறை பக்கத்தில்தான். தினம் அத்தைக்கு உடம்பு துடைத்து, மலம் எடுத்து, தலை வாரிவிட்டது நான்தான். ஆனால் என் வாயால் சொன்னால், படுத்துக் கிடக்கிற கிழவியிடம் வந்து பழி தீர்க்கிறாள் என்றுதான் படும். அவர் சொன்னால்தான் அது உண்மையாகும். காத்திருந்தேன். ஒவ்வொரு தடவை அவர் அந்த அறைக்குள் போகும்போதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பேன். மாத்திரை சாப்பிட்டியா என்று கேட்பார். அத்தை போகிறவரை அது மட்டும்தான் கேட்டார். அத்தையைக் கூடத்தில்தான் கிடத்தினோம். சுற்றி உட்கார்ந்து அழுத பெண்களில் ஒருத்தி, இந்தத் தரையைக் கண்ணாடி மாதிரி வைத்திருந்த மகராசி என்று சொல்லி அழுதாள். நான் தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் மகனுக்குப் பெண் பார்த்தோம். கல்யாணத்துக்கு முன்னால் தரைக்குப் பாலீஷ் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கம்பத்தில் அப்போது மிஷின் வைத்திருக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். சாமான்களை எல்லாம் ஒதுக்கி, தண்ணீர் விட்டு, கல் மாற்றிக் கல் மாற்றித் தேய்த்தார்கள். பால் ஏடு முழுக்கச் சேறாகக் கரைந்து வாசலுக்கு ஓடியது. கடைசியில் மெழுகு போட்டுத் துடைத்துவிட்டுப் போனார்கள். சாமி அறை வாசல், அடுப்படிப் பாதை, பெஞ்சு கிடந்த இடம் எல்லாம் ஒரே பளபளப்பாக ஆகிவிட்டது. வித்தியாசமே தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் சில நாள் அந்தத் தரையில் நான்தான் நடந்தேன். வீட்டில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துக் கூடத்தின் நடுவில் குதிகால் பதிய நடந்தேன். போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பி நடந்தேன். கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. தரை மங்கவில்லை. அதைப் பார்க்கத்தான் யாரும் இல்லை.

மருமகள் வந்தாள். சின்னப் பெண், பயந்த முகம். வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தாள். கூடம் நிறைய உறவுக்காரர்கள். நாத்தனார் முன்னால் வந்து ஆரத்தி எடுத்துவிட்டு, தரையைப் பார்த்தாள், மருமகளின் காலைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"நல்ல காலு. வந்து நின்ன ஒடனே வீடு எப்பிடி மின்னுது பாருங்க. இத்தன வருசம் கழிச்சு இந்த வீட்டுக்கு வெளிச்சம் வந்துருக்கு."

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அந்தப் பெண் வெட்கப்பட்டுக் கீழே பார்த்தாள். எனக்கு அவள் மேல் ஒரு பொறாமையும் இல்லை, இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். அவளுக்காகப் பயந்தேன். நல்ல கால் என்று சொல்கிற வாய்க்கு ஒரு மழை பொய்த்தால் போதும். அதனால் சொன்னேன். இத்தனை வருஷத்தில் கூடத்தின் நடுவில் நின்று எல்லோர் முன்னாலும் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"மிஷின் வச்சுத் தேச்சுருக்கோம், அதான் மின்னுது. முன்ன மங்குனது புளி பட்டு. காலுக்கும் தரைக்கும் ஒன்னுங் கெடையாது. ஒங்க அண்ணனக் கேளு, அவுகளுக்குத் தெரியும்."

நாத்தனார் என்னைப் பார்த்தாள், பிறகு தன் அண்ணனைப் பார்த்தாள். அவர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. யாரைக் காப்பாற்ற வேண்டும் இனி? அவர் வாய் லேசாகத் திறந்தது.

அதற்குள் நாத்தனார் என் தோளில் தட்டி, "மதினிக்கு மாமியாரான அன்னைக்கே பொறாம வந்துருச்சு, பாருங்க" என்றாள்.

கூடம் முழுக்கச் சிரித்தது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார்.